சக்கரத்துக்கு ஒரு வழி, காலுக்கு ஒரு வழி

புதுவையின் வாணிபம் துணியினால் வளர்ந்த வாணிபம். 'கினே' என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த நீலத் துணி இவ்வூர்க் கரையிலிருந்து கப்பலேறி, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாடு வரையில் சென்றது. அக்காலத்தில் பாரம் என்பது மனிதனுடைய தலைக்கும் தோளுக்கும் உரிய பொருளாக இருந்தது. துறைமுகம் இல்லாத கரையிலிருந்து படகுகள் அலையைக் கடந்து சரக்கைக் கப்பலுக்குச் சேர்த்தன. 1866இல் கடலுக்குள் இரும்புப் பாலம் கட்டப்பட்டது. 1879இல் விழுப்புரத்திலிருந்து இருப்புப் பாதை வந்தது. 1898இல், ரோடியர் ஆலை என்று ஊரார் வழங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை எழுந்தது. பாரம் சிறிது சிறிதாக மனிதனுடைய தோளைவிட்டு இறங்கிச் சக்கரத்தின்மேல் ஏறிற்று. இது நல்ல மாறுதல் என்பதில் நமக்கு ஐயமில்லை. 170 கிலோ எடையுள்ள பஞ்சுப் பேலைப் புரட்டிப் புரட்டி முதுகெலும்பு தேய்ந்தவர்களின் மரபில் வந்தவர்கள் நாம்.

அந்த மாறுதலின் அண்மைக் கட்டமே போர்க்லிப்ட் என்னும் பளுதூக்கி வண்டி. முன்புறம் இரண்டு இரும்புக் கரங்களை நீட்டி, சரக்கு அடுக்கிய மரத் தட்டை அப்படியே தூக்கிச் சென்று, ஆள் உயரத்திற்கும் மேலே அடுக்கிவிடும் யந்திரம் அது. அமெரிக்காவின் கிளார்க் நிறுவனம் 1917இல் செய்த சரக்கு வண்டியை இதன் முன்னோடி என்பர். இரண்டாம் உலகப் போரில் படைத் தளவாடங்களை ஏற்றி இறக்கும் வேலையில் இது உலகெங்கும் பரவிற்று. இன்று தொழிற்பேட்டைகளில் மட்டுமல்லாமல், நூலும் உரமும் நெல்லும் சேமிக்கும் கிடங்குகளிலும் இவ்வண்டி நுழைந்து வருகிறது. ஆகவே அதனால் நேரும் விபத்துகளைப் பற்றி நம் அங்கத்தினர்கள் அறிந்திருப்பது அவசியமாகிறது.

நாம் கண்ட ஒரு காட்சி

சென்ற அறுவடைக் காலத்தில் ஒரு கிடங்குக்குச் சென்றிருந்தோம். அதன் பெயர் இங்கே வேண்டுவதில்லை. வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே இருட்டு. போர்க்லிப்ட் வண்டி மூட்டைகளை லாரியிலிருந்து இறக்கி உள்ளே கொண்டு போய்க்கொண்டிருந்தது. வாயிலை ஒட்டிய மூலையில் ஓர் அம்மாள் சிந்திய நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். சரக்கை இறக்கிவிட்டுப் பின்னோக்கி வந்த வண்டி சட்டென்று திரும்பிற்று. அதன் பின்பாகம் ஒரு பக்கமாக வீசிற்று. "அக்கா, நகரு!" என்று மூட்டை தூக்குபவர் ஒருவர் கூவினார். அந்த அம்மாள் ஓரடி விலகினார். வண்டியின் பின்புறம் சுவரை ஒரு சாண் இடைவெளியில் கடந்து சென்றது. அவர் விலகியிராவிட்டால் அந்த ஒரு சாணில்தான் இருந்திருப்பார்.

கண்காணிப்பாளர் ஓடிவந்து, "பார்த்து வேலை செய்யக்கூடாதா அம்மா?" என்று கடிந்துகொண்டார். அதற்கு அந்த அம்மாள் சொன்ன பதில் நம் மனத்தைவிட்டு இன்னும் அகலவில்லை. "நெல் கொட்டிக் கிடக்கிற இடத்திலேதானே தம்பி கூட்டணும்? வேற எங்கே போய் நிக்கிறது?"

அவர் கேட்டது குறும்பான கேள்வியல்ல. அக்கிடங்கில் கால் நடப்பதற்கென்று ஓர் இடம் குறிக்கப்படவில்லை. சக்கரம் ஓடுவதற்கென்றும் ஓர் இடம் குறிக்கப்படவில்லை. இரண்டுக்கும் ஒரே தரை. ஐந்து நிமிஷத்தில் வேலை மறுபடியும் நடந்தது. யாருக்கும் அடிபடவில்லை ஆதலால் எந்தப் புத்தகத்திலும் எதுவும் எழுதப்படவில்லை.

யந்திரத்தின் இயல்பு

இவ்வண்டியைப் பார்ப்பவர், சிறிய வண்டிதானே என்று எண்ணுவது இயற்கை. அவ்வெண்ணமே முதல் அபாயம். இரண்டரை டன் தூக்கும் போர்க்லிப்ட் தானே மூன்றரை முதல் நாலு டன் வரை எடையுள்ளது. முன்னே தூக்கும் பாரத்தால் குப்புறக் கவிழாமலிருக்க, பின்னே பெரிய வார்ப்பிரும்புப் பாரம் பொருத்தப்பட்டிருக்கிறது. அதாவது, மூன்று மோட்டார்க் கார்களின் எடை ஒரே கார் அளவுக்குள் அடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவது, இவ்வண்டி பின்சக்கரங்களால் திரும்புவது. மோட்டார்க் கார் திரும்பும்போது அதன் மூக்கு திரும்புகிறது. போர்க்லிப்ட் திரும்பும்போது அதன் வால் வீசுகிறது. வண்டி இடப்பக்கம் திரும்பினால் அதன் பின்பாகம் வலப்பக்கத்தில் நிற்பவரைச் சுவரோடு நசுக்கக்கூடும். சாலையில் கார்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புலப்படுவதில்லை. மேலே சொன்ன அம்மாளுக்கு நேரவிருந்தது இதுவே.

மூன்றாவது, ஓட்டுநரின் பார்வை. கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டமும் சங்கிலிகளும் அவர் கண்ணுக்கு நேரே நிற்கின்றன. பாரம் உயரமாக இருந்தால் முன்னே ஒன்றுமே தெரியாது. வெயிலிலிருந்து இருண்ட கிடங்குக்குள் நுழையும்போது கண் பழகுவதற்குச் சில கணங்கள் ஆகின்றன. அக்கணங்களில் ஓட்டுநர் ஏறக்குறையக் குருடர். நம் ஊர் வெயிலில் இதை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நான்காவது, வேகம். மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது மெதுவான ஓட்டமாகத் தோன்றும். ஆனால் அவ்வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஒன்பது அடி செல்கிறது. ஆளைக் கண்டு, கால் பிரேக்கை அழுத்துவதற்கே ஒரு விநாடி போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்குகிறது. வேகமாகப் பிரேக் போட்டாலோ, கரங்களின்மேல் உள்ள சரக்கு முன்னே சரிந்து விழும். மின்கலத்தால் ஓடும் வண்டிகளில் சத்தமும் மிகக் குறைவு; முதுகைக் காட்டி நிற்பவருக்கு வண்டி வருவது தெரியாது.

யாருடைய குற்றம்?

அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், 1980 முதல் 1994 வரை அந்நாட்டில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அப்பதினைந்து ஆண்டுகளில் போர்க்லிப்ட் விபத்துகளில் இறந்தோர் 1,021 பேர். அவர்களில் 100க்கு 22 பேர் வண்டி கவிழ்ந்து இறந்தனர். 100க்கு 20 பேர் தரையில் நடந்து வேலை செய்துகொண்டிருந்தபோது வண்டி மோதி இறந்தனர். 100க்கு 16 பேர் வண்டியினால் நசுக்கப்பட்டு இறந்தனர். யந்திரத்தை ஓட்டாதவர், அதனோடு தொடர்பே இல்லாதவர், தம் வேலையைத் தாம் செய்துகொண்டிருந்தவர் ஐந்தில் ஒருவர் என்பதை அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டும்.

விபத்து நேர்ந்தால் "அஜாக்கிரதை" என்ற ஒரு சொல்லால் அதை முடித்துவிடுவது உலக வழக்கம். அடிபட்டவர் பார்க்கவில்லை, ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை, கணக்குத் தீர்ந்தது. இவ்வழக்கத்தை உலகம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மறுத்துவிட்டது. ரோடியர் ஆலை எழுந்த அதே 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி, பிரான்சு நாடு ஒரு சட்டம் இயற்றிற்று. வேலையில் அடிபட்ட தொழிலாளி முதலாளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையில் நேர்ந்தது என்பதே ஈட்டுத்தொகை பெறப் போதும் என்பது அதன் கருத்து. இந்தியாவில் 1923இல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும் பெரும்பாலும் இக்கருத்தையே தழுவியது. விபத்து என்பது தனி மனிதனின் பிழையினால் மட்டும் விளைவதன்று, வேலை அமைக்கப்பட்ட முறையினால் விளைவது என்பதே இச்சட்டங்களின் உட்பொருள்.

புதுவைத் தொழிலாளருக்கு இது புதிய பாடமல்ல. 1936 ஜூலை 30ஆம் தேதி, பின்னாளில் சுதேசி ஆலை எனப் பெயர் பெற்ற சவானா ஆலையில் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிர் நீத்தனர். அவர்கள் கேட்டவற்றுள் தலையாயது எட்டு மணி நேர வேலை. வ. சுப்பையா முதலியோர் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. களைத்த கண்ணும் களைத்த கையும் யந்திரத்தில் அகப்படும் என்பதை அவர்கள் தம் உடம்பினால் அறிந்திருந்தனர். "ஜாக்கிரதையாக இரு" என்று தம்மைத் தாமே சொல்லிக்கொள்வதோடு அவர்கள் நிற்கவில்லை. வேலையின் அமைப்பை மாற்றும்படி கேட்டனர். அந்த ஆலைகள் இன்று ஓய்ந்துவிட்டன. ரோடியர் ஆலையும் 2020 ஏப்ரல் இறுதியில் மூடப்பட்டது. பாரம் தூக்கும் வேலை மட்டும் ஓயவில்லை. தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் சேதராப்பட்டிலும் அது வேறு உருவத்தில் நடைபெறுகிறது.

சட்டம் காட்டும் நெறி

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 1963 அக்டோபரில் புதுவைக்கு நீட்டிக்கப்பட்டது. அதன் 29ஆம் பிரிவில் ஒரு நல்ல விதி இருந்தது. பாதையில் ஓடும் கிரேனின் வழியிலோ அருகிலோ ஒருவர் வேலை செய்தால், அக்கிரேன் அவரிடத்துக்கு 6 மீட்டருக்குள் வராதபடி தடுக்கவேண்டும் என்பதே அது. கவனியுங்கள்: மனிதன் கிரேனைக் கண்டு ஓட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, கிரேன் மனிதனை அணுகக்கூடாது என்று சொல்லிற்று. அச்சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல், தொழில் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டத்தின் பெயர் மாறினாலும் நெறி மாறுவதற்கில்லை. பிரிட்டனில் 1992இல் வந்த பணியிட விதிகளும், நடப்போரும் வண்டிகளும் ஆபத்தின்றி இயங்கும்படி பணியிடத்தை அமைக்கவேண்டும் என்றே கூறுகின்றன.

கிரேனுக்குத் தண்டவாளம் உண்டு. அது எங்கே வரும் என்பது எவருக்கும் தெரியும். போர்க்லிப்டுக்குத் தண்டவாளம் இல்லை. ஆகவே அதன் வழியை நாமே தரையில் வரையவேண்டும்.

செய்யவேண்டியவை

முதலாவது, இடத்தைப் பிரித்தல். வண்டியின் வழியை மஞ்சள் வண்ணத்தால் தரையில் தீட்டுக. கோடு ஒரு நினைவூட்டல் மட்டுமே. நாலு டன் வண்டியைக் கோடு நிறுத்தாது. ஆட்கள் மிகுதியாக நடமாடும் இடங்களில், அதாவது எடை போடும் மேடை, கணக்கர் அறை, தண்ணீர்ப் பானை, கழிப்பிடம் ஆகியவற்றுக்குச் செல்லும் வழிகளில் இரும்புக் குழாய்த் தடுப்பு நாட்டுக. வண்டி நுழையும் பெரிய வாயிலில் ஆட்கள் நுழைய வேண்டாம்; பக்கத்தில் அவர்களுக்கென ஒரு சிறு கதவு திறந்துவைக்கப்பட வேண்டும். இரு வழிகளும் கடக்கும் இடம் ஒன்றோ இரண்டோ இருக்கலாம். அங்கே வண்டி நின்று, ஹாரன் அடித்து, பிறகே செல்ல வேண்டும்.

இரண்டாவது, நேரத்தைப் பிரித்தல். நம் சங்கக் கிடங்குகளில் பல சிறியவை. இரண்டு வழி அமைக்க இடமில்லை என்பர். இடமில்லாத இடத்தில் நேரத்தைப் பிரிக்கலாம். வண்டி ஓடும் நேரத்தில் தரையில் எவரும் இருக்கலாகாது. மணி அடித்து வண்டியை நிறுத்திய பிறகே கூட்டுவோரும் எண்ணுவோரும் உள்ளே செல்ல வேண்டும். இதற்கு ஒரு மணியும் ஒரு சங்கிலியும் போதும். நாம் கண்ட கிடங்கில் இந்த ஒரு வழக்கம் இருந்திருந்தால், அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கே இடமிருந்திராது.

மூன்றாவது, பார்வையைத் திறத்தல். அடுக்குகளின் முனைகளை வழியின் விளிம்பு வரையில் கொண்டுவராமல் சற்று உள்ளே நிறுத்துக. திருப்பங்களில் குவி ஆடி மாட்டுக. வாயிலின் உட்புறத்தில் பகலிலும் விளக்கு எரியட்டும். பின்னோக்கிச் செல்லும்போது ஒலிக்கும் மணியும், வண்டிக்கு முன்னே தரையில் நீல ஒளி வீழ்த்தும் விளக்கும் இப்போது கிடைக்கின்றன. இவை உதவியே தவிர, பிரித்து வைப்பதற்கு ஈடாகா. நாள் முழுவதும் ஒலிக்கும் மணி சில நாளில் காதில் விழாமல் போய்விடும்.

நான்காவது, ஓட்டுநரின் பயிற்சி. சாலையில் லாரி ஓட்டத் தெரிந்தவர் இதையும் ஓட்டுவார் என்று சாவியைக் கொடுத்துவிடுவது பெரும்பிழை. அமெரிக்காவில் 1998 டிசம்பரில் வெளியான விதிப்படி, பயிற்சி பெற்றுத் தேறியவரே இவ்வண்டியை ஓட்டலாம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் அவர் திறமை மதிப்பிடப்பட வேண்டும். சிங்கப்பூரிலும் ஓட்டுநர் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அந்நாட்டில் வேலை செய்து திரும்பிய நம் இளைஞர்களைக் கேட்டால் இதன் கண்டிப்பை எடுத்துரைப்பர். கடல் கடந்து சென்றால் கட்டாயமாகும் பயிற்சி, சொந்த ஊரில் வேண்டாததாகிவிடுமா?

ஓட்டுநர் அறிய வேண்டிய சில குறிப்புகளையும் இங்கே சொல்வோம். பாரத்தைத் தரையிலிருந்து ஏறக்குறைய அரை அடி உயரத்தில், பின்புறமாகச் சாய்த்துக்கொண்டு செல்லவேண்டும். பாரம் பார்வையை மறைத்தால் பின்னோக்கியே செலுத்துக. சாய்தளத்தில் பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கட்டும், சாய்தளத்தின்மேல் திரும்பலாகாது. இருக்கைப் பட்டையை இட்டுக்கொள்க. வண்டி கவிழும்போது வெளியே குதிப்பவரை வண்டியே நசுக்கும். உள்ளே பற்றிக்கொண்டு, கவியும் திசைக்கு எதிராகச் சாய்ந்திருப்பவர் பிழைக்க வழியுண்டு. நிறுத்தியபின் கரங்களைத் தரையில் இறக்கி, பிரேக் போட்டு, சாவியைக் கையோடு எடுத்துச் செல்க.

தரையில் நடப்போருக்கு மூன்றே விதிகள் போதும். தூக்கிய பாரத்தின் கீழே ஒருபோதும் செல்லாதீர்கள். கரங்களின்மேல் ஏறி நின்று உயரத்துக்குச் செல்லாதீர்கள், அது ஏணியல்ல. ஓட்டுநரின் கண் உங்கள் கண்ணைச் சந்திக்கும் வரையில் வண்டியைக் கடக்காதீர்கள்.

எழுதப்படாத புத்தகம்

இவையெல்லாம் செய்யப்பட்டாலும் ஒன்று இல்லாவிட்டால் பயனில்லை. அது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். "நேரவிருந்தது, நேரவில்லை" என்னும் ஒவ்வொரு நிகழ்ச்சியையும், தேதி, இடம், நேரம் ஆகியவற்றோடு அதில் எழுத வேண்டும். எழுதியவருக்குத் தண்டனை இல்லை என்று நிர்வாக சபை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தண்டனை உண்டு என்றால் யாரும் எழுதமாட்டார். ஒரே மூலையின் பெயர் மாதத்தில் மூன்று முறை அப்புத்தகத்தில் வந்தால், அம்மூலையில் தடுப்பு நாட்டவேண்டும் என்று அறிவதற்கு நிபுணர் தேவையில்லை. அப்புத்தகத்தை ஒவ்வொரு மாதமும் நிர்வாக சபைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கோடு சேர்த்துப் படிக்கவேண்டும்.

தனியார் தொழிற்சாலையில் வேலை செய்பவர், முதலாளி செய்யட்டும் என்று சொல்ல இடமுண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் அப்படிச் சொல்ல இயலாது. இங்கே கிடங்கு நம்முடையது. வண்டி நம் பங்குப் பணத்தில் வாங்கியது. அதை ஓட்டுபவர் நம் ஊழியர். அதன் முன்னே நடந்து செல்பவரோ, நூல் வாங்க வந்த நெசவாளியாகவும், மூட்டையோடு வந்த விவசாயியாகவும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தையாகவும் இருக்கிறார். வண்டி வாங்கும்போது விலையை மூன்று கடைகளில் விசாரிக்கிறோம். அது ஓடப்போகும் தரையை ஒருமுறையேனும் நடந்து பார்க்கிறோமா? தடுப்புக்கும் வண்ணத்துக்கும் மணிக்கும் ஆகும் செலவு வண்டியின் விலையில் மிகச் சிறிய பகுதி. அதையும் வண்டியின் விலையாகவே கருதி முதலிலேயே ஒதுக்கிவைப்பது முறை.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு முன்னர், ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகஸ்தர்களும் தம் கிடங்கில் ஒரு மணி நேரம் நின்று, கால் எங்கே நடக்கிறது, சக்கரம் எங்கே ஓடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். நெல் கூட்டும் பெண்மணியையும் மூட்டை தூக்குபவரையும் ஓட்டுநரையும் உடன் வைத்துக்கொண்டு அதைச் செய்யவேண்டும். அபாயம் எங்கே இருக்கிறது என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் வேறில்லை. "வேற எங்கே போய் நிக்கிறது?" என்று ஓர் அம்மாள் கேட்டார். அவருக்கு ஓர் இடம் காட்டுவது நம் சங்கங்களின் கடமை.